பங்காளிச் சோளம்: இரண்டரை மீட்டர் பாத்தியில் ஒரு வீரிய ஒட்டு முயற்சி

அ-7 வரிசையில் மூன்று மக்காச்சோளச் செடிகள் இருந்தன. இரண்டு என் இடுப்பளவு. மூன்றாவது என் தோளை எட்டி, கரும்பச்சை இலையும் தடித்த தண்டுமாக நின்றது. ஒரு மாதமாக அந்தப் பாத்தியில் எனக்குப் பெருமை தந்த ஒரே செடி அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்தார். வரிசையை ஒரு முறை பார்த்தார். நேராகப் போய் அந்த உயரமான செடியை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

"அண்ணே, அது ஒண்ணுதானே நல்லா வந்துச்சு?"

"அதனாலதான் தம்பி பிடுங்கினேன். இந்த வரிசையில நல்லா வர்றது நம்ம பிள்ளை இல்ல."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு முழுசாகப் புரிய இன்னும் இரண்டு போகம் ஆனது. சிங்கப்பூரில் ஒரு சின்னப் பாத்தியில் மக்காச்சோள இன்பிரட் வரிசைகளை (தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்த தூய வரிசைகளை) உருவாக்கி, அவற்றை இணைத்து ஒரு வீரிய ஒட்டு விதை எடுக்க நாங்கள் செய்த முயற்சியையும், அதில் எங்கே தப்பு செய்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பாத்தியும் ஆட்களும்

நான் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறவன், கணக்கு வேலை பார்ப்பவன். தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் மூன்று வருஷத்துக்கு வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளில் ஒன்று எனக்குக் கிடைத்தது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். சுற்றியுள்ளவர்கள் கங்கோங், கத்திரி, பண்டான் என்று போட, நான் சோளம் போட்டேன்.

அண்ணன் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். ஊரில் இருந்தபோது மக்காச்சோள விதை உற்பத்தி வயல்களில் மேற்பார்வை பார்த்தவர். 2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர்ச் சோளக் காடுகளைக் குதறிய பிறகு இங்கே வேலைக்கு வந்தார். இப்போது ஒரு நிலவனப்பு நிறுவனத்தில் புல் வெட்டுகிறார். ஞாயிறு மட்டும் விடுமுறை. இந்த 'ஞாயிறு மட்டும்' பின்னால் எங்களைப் படுத்திய பாடு தனிக் கதை.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் டீ குடிக்கும்போது ஒரு நாள் அவரிடம் புலம்பினேன். கடையில் வாங்கிய பாக்கெட் விதை அத்தனையும் ஒரே உயரம், ஒரே நாளில் பூ. அதில் ஒரு கதிரை முற்றவிட்டு, அந்த விதையைப் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று கதிரே இல்லாமல். உரம் சரியில்லையோ என்றேன். அவர் சிரித்தார். வீரிய ஒட்டு விதையைச் சேர்த்து வைத்துப் போட்டால் அப்படித்தான் சிதறும், அது உரத்தின் குற்றமில்லை என்றார். "அப்ப கம்பெனிக்காரன் மட்டும் எப்படி வருஷா வருஷம் ஒரே மாதிரி விதை கொடுக்கிறான்?" என்று கேட்டேன். அதற்கான பதில்தான் அடுத்த மூன்று வருஷம்.

கம்பெனிக்காரர் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கல்யாணம் செய்து வைக்கிறார். அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் மாறாமல் இருந்தால் பிள்ளைகளும் மாறாமல் வரும். ஆனால் சோளம் காற்றில் மகரந்தத்தைப் பறக்கவிடும் பயிர். ஒரு செடிக்குள்ளேயே ஆயிரம் கலப்பு. அந்த அப்பா அம்மாவை 'மாறாத' செடிகளாக ஆக்குவதற்கு, ஒரே செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். முதல் தடவைக்குப் பிறகு 50 சதவீதம், பிறகு 25, பிறகு 12.5. ஆறு தடவை செய்தால் மிச்சம் 1.6 சதவீதத்துக்கும் கீழே. அதற்கு மேல் அந்தச் செடியின் பிள்ளைகள் எல்லாம் கிட்டத்தட்ட அச்சில் வார்த்த மாதிரி. இப்படி வந்ததுதான் இன்பிரட் வரிசை.

அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஜார்ஜ் ஷல் 1908-லும் 1909-லும் எழுதி வைத்த வழி இது. அவர் விதை வியாபாரம் செய்ய வந்தவர் அல்ல. கதிரில் எத்தனை வரிசை மணி என்பது பரம்பரையாக எப்படி வருகிறது என்று பார்க்கப் போனவர். தன் மகரந்தம் கொடுத்த செடிகள் தலைமுறைக்குத் தலைமுறை நோஞ்சானாகப் போவதையும், அப்படிப்பட்ட இரண்டு நோஞ்சான்களை இணைத்தால் பிள்ளை திடீரென்று எழுந்து நிற்பதையும் அங்கே கண்டார்.

எந்த விதை

மலாய்க்காரர்கள் புலுட் என்று சொல்லும் பசைச் சோளத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளை மணி, வேகவைத்தால் பல்லில் ஒட்டும். இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் பாக்கெட்டுகள். ஒன்றுக்கு 'அ' என்றும் இன்னொன்றுக்கு 'இ' என்றும் பெயர் வைத்தோம். அவற்றிலிருந்து எடுத்த வரிசைகள்தான் அ-7, இ-2 என்பவை. இரண்டும் வெப்ப நாட்டு ரகங்கள் என்பதால் இங்கத்திய பன்னிரண்டு மணிப் பகலுக்குச் சிக்கலில்லாமல் பூத்தன.

பசைச் சோளத்தை எடுத்ததற்கு அண்ணன் ஒரு காரணம் சொன்னார். அப்போது எனக்கு அது வெறும் சாமர்த்தியமாகத் தோன்றியது. சாதாரணச் சோள மாவில் கால்வாசி அமைலோஸ். பசைச் சோளத்தில் அது கிட்டத்தட்ட இல்லை. அதனால் அயோடின் விட்டால் சாதாரண மணி கருநீலமாகும், பசைச் சோளம் செம்பழுப்பாக நிற்கும். காயத்துக்குப் போடும் அயோடினே போதும், தண்ணீரில் கலந்து விட்டால். "யார் வீட்டுப் பிள்ளைன்னு பிறகு தெரிஞ்சுக்கலாம்" என்றார்.

கடையில் வாங்கிய ஒட்டு விதையிலிருந்து புது வரிசை எடுப்பது முறையா என்ற கேள்வி எனக்கு இருந்தது. பதிவு செய்த பயிர் ரகங்களுக்குப் பாதுகாப்புத் தரும் யூபோவ் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 2004-ல் சேர்ந்தது. ஆனால் சொந்த உபயோகத்துக்காகச் செய்வதையும், வேறு ரகம் உருவாக்குவதற்காக ஒரு ரகத்தைப் பயன்படுத்துவதையும் அந்த ஒப்பந்தம் தடுப்பதில்லை. நாங்கள் விற்கப் போவதும் இல்லை. மனசு சமாதானமானது.

முதல் தலைமுறை நாற்று முளைத்தபோது அண்ணன் வெள்ளை நாற்றுகளைத் தேடினார். நாட்டுச் சோளத்தில் இந்த வேலையைத் தொடங்கினால் பச்சையமே இல்லாத வெள்ளை நாற்றுகள் அங்கங்கே வரும். விதையில் இருக்கும் சத்து தீர்ந்ததும் செத்துவிடும். ஒளிந்திருந்த குறைகள் தன் சேர்க்கையில் வெளியே வருவது அது. எங்கள் பாத்தியில் ஒன்றுகூட இல்லை. அவர் முகம் மலர்ந்தது: "பெத்தவங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே சலிச்செடுத்த இன்பிரட். செத்துப் போற சரக்கெல்லாம் யாரோ முன்னாடியே கழிச்சுட்டாங்க." இல்லாத ஒன்றை வைத்துப் பாக்கெட்டுக்குள் இருந்த ஒட்டின் வரலாற்றைச் சொன்ன அந்த நிமிஷம்தான் நான் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டேன்.

கவரும் கடிகாரமும்

இந்த வேலையில் மரபியல் சுலபம், காகிதக் கவர்தான் கஷ்டம்.

உச்சியில் இருப்பது ஆண் பூ. நடுத் தண்டில் இலைக் கக்கத்தில் வருவது பெண் கதிர். கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்குப் போகும் பாதை. இழை வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கதிருக்குச் சின்ன கவர் மாட்டிவிட வேண்டும். இழை போதுமான அளவு வந்ததும், முதல் நாள் சாயங்காலம் அதே செடியின் உச்சிப்பூவுக்குப் பெரிய கவர் மாட்டிக் கிளிப் போட வேண்டும். ஏன் முதல் நாளே? பக்கத்துச் செடியிலிருந்து பறந்து வந்து அந்தப் பூவில் ஒட்டியிருக்கும் மகரந்தம் ராத்திரிக்குள் செத்துவிடும் என்பதற்காக. மறுநாள் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கவரைச் சாய்த்துத் தட்டினால் மஞ்சள் பொடி கொட்டும். கதிரின் கவரை எடுத்து, பொடியை இழைமேல் கொட்டி, அதே பெரிய கவரால் கதிரை மூடி, தேதி எழுத வேண்டும். எல்லாம் சில நொடி.

கதிருக்கான கவருக்கு பேக்கரிச் சாமான் கடையில் விற்கும் மெழுகுக் காகிதப் பை. பூவுக்குப் பழுப்புக் காகிதப் பை. பேனா மை மழையில் கரைந்து ஓடிவிட்டது, பென்சில் எழுத்து நின்றது. இங்கே பிற்பகலில் இடி மழை சாதாரணம் என்பதால் காலையில் செய்த சேர்க்கை நல்ல சேர்க்கை. பத்து மணிக்கு வானம் இருட்டினால் அன்றைய மகரந்தம் களிமண்.

அமெரிக்காவின் அயோவா மாதிரி இடங்களில் வருஷத்துக்கு ஒரு போகம்தான். அதனால் அங்கே உள்ளவர்கள் குளிர்காலத்தில் ஹவாய்க்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் விதையைக் கொண்டுபோய் இன்னொரு தலைமுறை எடுப்பார்கள். இங்கே எந்த மாதமும் விதைப்பு மாதம். மண்ணுக்கு ஓய்வு கொடுத்து, கதிரை வீட்டுக்குள் வைத்துக் காயவிட்டு, வருஷத்துக்கு மூன்று தலைமுறை எடுத்தோம். காயவைப்பதுதான் பாடு. வெளியே வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டும் எங்கள் விதைக் கிடங்கு ஆயின. என் மனைவி அந்தத் தட்டைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்போது இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் ஆறு தலைமுறை காத்திருப்பதில்லை. ஒரு தனி ரகத்தின் மகரந்தத்தைக் கொடுத்து, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் உள்ள நாற்றைப் பிடித்து, கால்சிசின் மருந்தால் அதை இரட்டிப்பாக்கி, இரண்டு போகத்தில் முழுத் தூய வரிசை எடுத்துவிடுகிறார்கள். சர்வதேச மக்காச்சோள கோதுமை மேம்பாட்டு மையமான சிம்மிட் இதற்காகவே கர்நாடகத்தின் குணிகலில் 2021-ல் ஒரு நிலையம் திறந்தது. எங்களுக்குக் கவரே கதி.

பதினொரு மஞ்சள் மணிகள்

மூன்றாம் தலைமுறையில் அ-7 கதிரை உரித்தேன். வெள்ளை மணிகளுக்கு நடுவே வெளிறிய மஞ்சளில் பதினொரு மணிகள். புதன்கிழமை ராத்திரி. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு குரல் செய்தி: "எந்தப் பக்கம் இருக்கு? அடியிலயா நுனியிலயா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. எண்ணிப் பார்த்தேன். பதினொன்றும் கதிரின் அடிப்பகுதியில், மூன்றில் ஒரு பங்குக்குள். நுனியில் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. முதலில் அயோடின். இரண்டு மஞ்சள் மணிகளை வெட்டி ஒரு சொட்டு விட்டார். கருநீலம். வெள்ளை மணி ஒன்றை வெட்டினார். செம்பழுப்பு. பக்கத்துப் பாத்தி ஆன்ட்டி மஞ்சள் இனிப்புச் சோளம் போட்டிருந்தார். அதை எடுத்து வைத்து அண்ணன் சொன்ன கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. இனிப்புச் சோளத்துக்கு மாவு சேர்க்கும் வழியில் ஒரு குறை. அதனால் முற்றிய மணி சுருங்கிப் போகும். பசைச் சோளத்துக்கு அமைலோஸ் செய்யும் வழியில் வேறு குறை. இரண்டும் ஒளிந்திருக்கும் குறைகள். இரண்டும் கலந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். பிள்ளை பெற்றோர் இருவர் மாதிரியும் இல்லாமல், கோழித் தீவனச் சோளம் மாதிரிக் குண்டாக, கருநீல மாவோடு வரும். நிறமும் சாட்சி சொன்னது: மணிக்குள் இருக்கும் மாவுப் பகுதிக்கு அம்மாவிடமிருந்து இரண்டு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு. வெள்ளை அம்மாவின் இரண்டு பங்கோடு மஞ்சள் அப்பாவின் ஒரு பங்கு சேர்ந்தால் அந்த வெளிறிய மஞ்சள்தான் வரும்.

அப்பா யார் என்பது முடிந்தது. எப்போது வந்தார்? அதற்குத்தான் 'அடியிலயா நுனியிலயா' கேள்வி. கதிரின் அடிப்பக்க மணிகளின் இழைகள்தான் முதலில் வெளியே வரும், நுனி மணிகளின் இழை கடைசி. நுனியில் மஞ்சள் இருந்திருந்தால், மகரந்தம் கொடுத்த பிறகு கவர் கிழிந்து கடைசி இழைகளுக்கு வெளி மகரந்தம் போயிருக்கும். அடியில் இருந்ததால் நான் கவர் மாட்டுவதற்கு முன்பே முதல் இழைகள் வெளியே வந்துவிட்டன. அதாவது திங்கள் மாட்ட வேண்டியதைச் செவ்வாய் மாட்டியிருக்கிறேன். உண்மை. திங்கள் எனக்கு அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாள்.

இந்தியாவில் சான்று விதை விதிப்படி ஒட்டு மக்காச்சோள விதை வயலுக்கும் மற்ற சோளத்துக்கும் நடுவே குறைந்தது 200 மீட்டர் இருக்க வேண்டும். பெற்றோர் வரிசைகளைப் பெருக்கும் வயலுக்குக் குறைந்தது 400 மீட்டர். எங்களுக்கும் ஆன்ட்டிக்கும் நடுவே ஒரு மீட்டர். அவர் தப்பு ஒன்றுமில்லை. அவருடைய சோளத்திலும் எங்கள் மகரந்தம் போய்க் குண்டு மணிகள் விழுந்து, "இனிப்பே இல்லை" என்று அவரும் குறைப்பட்டார். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த போகத்தில் அவருக்கு இரண்டு வாரம் தள்ளி விதைத்தேன்.

மஞ்சள் மணிகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை விதைத்தோம். இங்கேதான் நான் செய்த இரண்டாவது தப்பு. மஞ்சள் தெரிந்ததால் மஞ்சளைப் பொறுக்கினேன். அதே செவ்வாய்க்கு முன்னால், எங்கள் சொந்தப் பாத்தியில் இருந்த மற்ற வெள்ளை வரிசைகளின் மகரந்தமும் அந்தத் திறந்த இழைகளில் விழுந்திருக்குமே? வெள்ளைமேல் வெள்ளை விழுந்தால் நிறமும் சொல்லாது, அயோடினும் சொல்லாது. நாலாம் தலைமுறையில் தோளளவு நின்றதே, அந்தச் செடி அப்படி வந்ததுதான். அண்ணனுக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. இன்பிரட் வரிசையில் மூன்று தலைமுறையாகத் தன் சேர்க்கை செய்த செடி நோஞ்சானாகத்தான் இருக்கும். அதில் ஒன்று மட்டும் செழித்து நின்றால் அதற்குள் வேறு ரத்தம் வந்திருக்கிறது என்று அர்த்தம். விதை வயல்களில் கலப்புச் செடி நீக்குகிற ஆட்கள் கண்ணுக்கு அழகான செடியைத்தான் முதலில் தேடுவார்களாம். சாதாரண விவசாயத்தில் யாரும் இப்படி நல்ல செடியைத் தேடிப் பிடுங்க மாட்டார்கள்.

பூ முந்தியது, இழை பிந்தியது

அஞ்சாம் தலைமுறையை இரண்டு பத்தியில் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி நாசம். எட்டு வரிசையில் ஆரம்பித்தது அப்போது ஐந்தாகியிருந்தது. ஒன்றை அடிச்சாம்பல் நோய் கொண்டுபோனது. ஒன்றின் கதிரை எலி. மூன்றாவது வரிசை போன விதம்தான் சொல்லத் தக்கது. அதன் உச்சிப்பூ மகரந்தம் கொட்டி முடித்த பிறகுதான் பட்டு இழை வெளியே வந்தது. அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா கதவைத் திறந்த மாதிரி. தன் சேர்க்கையே நடக்கவில்லை, வரிசை அங்கேயே முடிந்தது.

சோளத்துக்கு நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப் போவது இழைதான். 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் எங்கள் பாத்தியில் பதினாறு செடிதான் கொள்ளும். நான் பேராசையில் இருபத்துநாலு போட்டிருந்தேன். நோஞ்சான் இன்பிரட்டுக்கு அது தாங்கவில்லை. அதற்குப் பிறகு கதிரின் தோகை நுனியைக் கத்திரியால் வெட்டி இழையைச் சீக்கிரம் வெளியே எடுக்கும் வித்தையை அண்ணன் சொல்லிக் கொடுத்தார். உயிர் பிழைத்த ஐந்தில் அது இல்லாமல் இரண்டுகூட மிஞ்சியிருக்காது.

அழகைப் பார்த்து எடுத்த பெற்றோர்

ஆறாவது தன் சேர்க்கை முடிந்தது. கையில் ஐந்து வரிசை: அ பாக்கெட்டிலிருந்து நாலு, இ பாக்கெட்டிலிருந்து ஒன்றே ஒன்று. அந்த இ-2 பார்க்கச் சகிக்காது. முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம், வெளிறிய இலை, கட்டைவிரல் நீளத்துக்குக் கதிர், அதில் நாற்பது மணி இருந்தால் அதிகம். அ-3-உம் அ-7-உம் இன்பிரட் என்றே சொல்ல முடியாதபடி அழகு. இரண்டும் ஒரே உயரம், ஒரே நிமிர்ந்த இலை, ஒரே நாளில் பூ.

நான் கணக்குக்காரன். எனக்கு விடை பளிச்சென்று தெரிந்தது: இருப்பதில் சிறந்த இரண்டை இணை. அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "இ-2-வையும் ஒரு கை பார்ப்போம்" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் கேட்டபோது, சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்றார். சரிதான்.

அ-3-ஐ அம்மாவாக வைத்து இரண்டு ஒட்டு எடுத்தோம். அ-3-க்கு அ-7 மகரந்தம் சில கதிருக்கு, இ-2 மகரந்தம் சில கதிருக்கு. இ-2 ஆறு நாள் பிந்திப் பூப்பது என்பதால் அதை ஆறு நாள் முந்தி விதைத்தோம். பெரிய வயல்களில் கவர் போட மாட்டார்கள். நாலு அல்லது ஆறு வரிசை அம்மாவுக்கு இரண்டு வரிசை அப்பா என்று நட்டு, அம்மா வரிசைகளின் உச்சிப்பூவை மகரந்தம் கொட்டுவதற்கு முன் ஆட்களை விட்டுப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு வாரம் தினமும். அந்தப் பிடுங்கும் கூலியைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் மகரந்தமே வராத டெக்சாஸ் வகை அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நாட்டின் ஒட்டு விதையில் பெரும்பங்கு அந்த ஒரே தாய் வழிக்கு மாறியது. 1970-ல் அந்தத் தாய் வழியை மட்டும் தாக்கும் இலைக் கருகல் பூஞ்சை வந்து நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோனது. மறுபடி கைகள் தேவைப்பட்டன. அண்ணன் பெரம்பலூரில் பார்த்த வேலையும் அந்தக் கைகளில் ஒரு ஜோடிதான்.

கடைசிச் சோதனைக்கு நாலு வகை: அ-3 × அ-7, அ-3 × இ-2, கடையில் புதிதாக வாங்கிய அ பாக்கெட், அப்புறம் ஒப்பீட்டுக்கு வெறும் அ-3. இந்தத் தடவை பேராசை இல்லை, வகைக்கு நாலு செடி. உயரமான செடி பக்கத்துச் செடிக்கு நிழல் போட்டு முடிவைக் கெடுக்கும் என்பதால் வரிசைகளை இடம் மாற்றி இரண்டாவது போகமும் போட்டோம். இரண்டு போகம், ஒரு பாத்தி. இதை வைத்து யாரும் ரகம் வெளியிட முடியாது. ஆனால் வித்தியாசம் அளவுகோல் தேவைப்படாத அளவுக்கு இருந்தது.

அ-3 என் இடுப்புக்கு. அ-3 × அ-7 நெஞ்சுக்கு. அ-3 × இ-2 என் தலைக்கு மேலே, கையை நீட்டினால்தான் பூவைத் தொடலாம். முதல் போகத்தில் இது நிழலின் வேலை என்று நினைத்தேன். இரண்டாவது போகத்தில் இடம் மாறியும் அதே வரிசைக் கிரமம்.

பங்காளிக் கணக்கு

அண்ணன் விளக்கியது இப்படி. "அ-3-யும் அ-7-ம் பங்காளிங்க தம்பி. பங்காளி வீட்டுல பொண்ணு எடுப்பாங்களா? மாமன் வீட்டுக்குப் போகணும்."

நான் அதை எண்ணாக மாற்றிப் பார்த்தேன். அ பாக்கெட் இரண்டு இன்பிரட்டுகளின் பிள்ளை. அந்த இரண்டும் மாறுபடும் ஒவ்வொரு இடத்திலும், அதிலிருந்து எடுத்த எந்த வரிசையும் ஒன்று தாத்தாவின் பிரதியை வாங்கியிருக்கும் அல்லது பாட்டியின் பிரதியை. இரண்டு வரிசைகளை எடுத்தால் சராசரியாகப் பாதி இடங்களில் இரண்டிலும் ஒரே பிரதி. அவற்றை இணைத்தால் பாக்கெட் ஒட்டில் இருந்த கலப்பில் பாதிதான் திரும்பி வரும். வீரியமும் கிட்டத்தட்டப் பாதி. நெஞ்சுக்கு நின்றதன் கணக்கு அதுதான்.

அது சராசரி. நான் அதையும் கெடுத்திருந்தேன். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே மாதிரி நிமிர்ந்த இலை, ஒரே உயரம், ஒரே நாள் பூ என்று என் கண்ணுக்குப் பிடித்ததையே அ-3-லும் அ-7-லும் தேர்ந்தெடுத்து வந்தேன். ஒரே அழகைத் தேடினால் ஒரே ஜீன்களைத் தேடுவதுதான். இரண்டும் ஒரே நாளில் பூத்தபோது நான் அதைப் பொருத்தம் என்று நினைத்தேன். அது உறவு.

இ-2 வேறு கம்பெனி, வேறு குடும்பம். அதன் நோஞ்சான் தோற்றம் ஒளிந்திருந்த குறைகளின் கூட்டம். அந்தக் குறைகள் அ-3-ல் இல்லை, அ-3-ன் குறைகள் இ-2-ல் இல்லை. மஞ்சள் மணியில் இனிப்பும் பசையும் ஒன்றையொன்று மூடிக் குண்டு மணி ஆனதே, அதே வேலை செடி முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்தது. மூன்றாம் தலைமுறையிலேயே விடை அயோடின் சொட்டில் இருந்திருக்கிறது.

தொழில்முறையில் இதற்கு இணையும் திறன் என்று பெயர். ஆய்வாளர்கள் ஸ்பிரேக், டேட்டம் இருவரும் 1942-ல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு வரிசை யாரோடு சேர்ந்தாலும் சராசரியாக எப்படி வருகிறது என்பது ஒன்று, குறிப்பிட்ட ஒரு ஜோடியில் எப்படி வருகிறது என்பது இன்னொன்று. அதனால்தான் வரிசைகளைப் பாதி வழியிலேயே ஒரு பொதுச் சோதனைப் பெற்றோரோடு இணைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக் கழிக்கிறார்கள். நாங்கள் கடைசியில் செய்ததை மூன்றாம் தலைமுறையில் செய்திருந்தால் அ-7 அவ்வளவு தூரம் வந்திருக்காது. வரிசைகளைக் குடும்பங்களாகப் பிரித்து வைப்பதும் இதற்காகத்தான். அமெரிக்காவில் பி73 என்ற இன்பிரட் ஒரு குடும்பம், எம்ஓ17 என்ற இன்பிரட் இன்னொரு குடும்பம். 1964-ல் மிசூரியிலிருந்து வந்த எம்ஓ17-ம் 1972-ல் அயோவாவிலிருந்து வந்த பி73-ம் சேர்ந்துதான் பேர் வாங்கின. நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 6 ஒட்டுச் சோளத்துக்கு யூஎம்ஐ 1200, யூஎம்ஐ 1230 பெற்றோர். எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நான் "பங்காளியா?" என்று கேட்டேன். எண்ணை வைத்து உறவு சொல்லக் கூடாது என்று அண்ணன் திட்டினார்.

கைப்பிடி விதை

அண்ணனுக்கு ஒரு மனக்குறை. இ-2-வை அம்மாவாக வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் எளிது: அம்மா யாரோ அவர் கதிரில்தான் ஒட்டு விதை விளையும். இ-2 கதிரில் நாற்பது மணி.

இதே சிக்கல்தான் ஷல் வழியைப் பத்து வருஷம் ஏட்டிலேயே வைத்திருந்தது. ஒட்டு அருமை, ஆனால் அந்த விதையைச் சுமப்பவள் நோஞ்சான் இன்பிரட். விதை விலை விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. கனெக்டிகட்டில் டொனால்ட் ஜோன்ஸ் 1917-வாக்கில் ஒரு வழி சொன்னார். நாலு இன்பிரட்டுகளை எடுத்து இரண்டு ஒட்டாக்கி, அந்த இரண்டு ஒட்டுகளை மறுபடி இணைப்பது. இப்போது விதை சுமப்பவள் திடமான ஒட்டுச் செடி. ஹென்றி வாலஸ் 1926-ல் விதைக் கம்பெனி ஆரம்பித்ததும் வீரிய ஒட்டு அமெரிக்கா முழுக்கப் பரவியதும் இந்த இரட்டை ஒட்டின் காலத்தில்தான். இந்தியாவில் 1961-ல் வந்த கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஒட்டுகளும் அதே காலம். பிறகு இன்பிரட்டுகளே திடமானதும் 1960-களிலிருந்து ஒற்றை ஒட்டு திரும்பி வந்தது. என் இடுப்பளவு அ-3-ஐ அம்மாவாக வைத்தபோது இந்த வரலாறு எனக்குத் தெரியாது. கதிரைப் பார்த்து முடிவு செய்தேன். இந்த ஒரு இடத்தில் கண் சரியாகச் சொன்னது.

ருசி பற்றிக் கேட்பவர்களுக்கு: அ-3 × இ-2 உயரம்தான் உயரம். கதிர் நுனியில் மணி பிடிக்கவில்லை, தோல் கொஞ்சம் தடிப்பு. கடைப் பாக்கெட்டின் கதிர் அதைவிட நன்றாகவே இருந்தது. அவர்கள் எத்தனையோ வரிசைகளை எடுத்துக் கழித்த பிறகு அதைக் கொடுக்கிறார்கள். நாங்கள் ஐந்தை வைத்துக்கொண்டு பார்த்தோம்.

பாத்தியின் மூன்று வருஷம் போன மாதம் முடிந்தது. அ-7-ஐ வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டோம். அ-3-ல் ஒரு டப்பா விதையும், இ-2-ல் முப்பத்தொரு மணியும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அடுத்த பாத்தி கிடைத்ததும் முதல் வேலை இ-2-வைப் பெருக்குவது. இரண்டாவது, இ பாக்கெட்டை மறுபடி வாங்கி அதிலிருந்து நாலைந்து வரிசை புதிதாக எடுத்து, மூன்றாம் தலைமுறையிலேயே அ-3-ஓடு இணைத்துப் பார்ப்பது. அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் பூ வராதபடி விதைக்க வேண்டும்.